துண்டு துண்டாக வந்த வசனம்

அந்தப் படத்தை நான் மாற்றவில்லை. மாற்றவும் மாட்டேன்.

முழங்கை வரை உப்பு, தலையில் பழைய சாரத் துண்டு, கையில் ஒரு பெரிய கட்டா மீன், எனக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் காயும் கருவாடு. துணை தேடும் செயலியில் என் பெயரோடு இருப்பது அந்தப் படம்தான். பெயர் எடித், வயது முப்பத்து நான்கு, ஊர் தாழ்வுபாடு, தொழில் கருவாட்டு வாடி முதலாளி. முதலாளி என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். 'சுயதொழில்' என்று போடு, அடக்கமாக இருக்கும் என்று றஞ்சிதா சொன்னாள். அடக்கமாக இருக்கிறவர்கள் இருக்கட்டும்.

வாடி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கடற்கரையில் ஓலையாலும் தகரத்தாலும் அடைத்த ஒரு கொட்டகை, உள்ளே உப்புத் தொட்டிகள், வெளியே வலை விரித்த பரண்கள். வள்ளத்தில் வந்த மீனை வெட்டிக் கழுவி உப்பில் போட்டு வெயிலில் காயவைக்கிற இடம். என் தம்பி மில்ரன் கடலுக்குப் போகிறான், நான் கரையில் வாடி நடத்துகிறேன். நான்கு பெண்கள் என்னிடம் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்திதான் றஞ்சிதா, என் பெரியப்பாவின் மகள், என் வயதுக்காரி, வாய் என்னைவிட நீளம். எங்கள் வாடிக் கருவாட்டை கொழும்பில் பெயர் சொல்லி வாங்குகிறார்கள். ஒரு மீனிலும் புழு வைக்க விட்டதில்லை. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

எனக்கு மாப்பிள்ளை பேசி ஆட்கள் வராமல் இல்லை. வந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி, கலியாணத்துக்குப் பிறகு பெண் வாடியை விடுவாளா? விடமாட்டேன் என்றேன். அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் றஞ்சிதா என் போனில் அந்தச் செயலியைப் போட்டுத் தந்தாள்.

"ஊருக்குள்ள ஒருத்தனும் சரிவரேல்லையெண்டால் உலகத்துக்குள்ள பாரடி" என்றாள்.

உலகம் வந்தது. வந்து முதலில் கேட்டது, பின்னால் காய்வது என்ன என்று. கருவாடு என்றதும் பாதிப் பேர் காணாமல் போனார்கள். மிச்சப் பேர் மீன் இல்லாத படம் ஒன்று அனுப்பச் சொன்னார்கள். ஒருவன் நான் கேட்காமலே என் படத்தை எடுத்து, பரண்களை அழித்து, அங்கே ஒரு பூந்தோட்டத்தை வைத்து எனக்கே திருப்பி அனுப்பினான். கையில் இருந்த மீனையும் காணவில்லை. வெறுங்கையை ஏந்திக்கொண்டு ரோசாப் பூக்களுக்கு நடுவே நிற்கிறேன். பார்க்கப் பிச்சைக்காரி மாதிரி இருந்தது.

வெளிநாட்டில் இருந்த இன்னொருவன் ஒரு மழைகாலம் முழுவதும் பேசினான். காலையில் வணக்கம், மத்தியானம் சாப்பாட்டு விசாரிப்பு, இரவில் பாட்டு. ஒரு நாள் விடிய அவன் இல்லை. எங்கள் ஊரில் ஒரு ஆள் செத்தால் கோயிலில் துக்க மணியாவது அடிப்பார்கள். இவன் போனதற்கு ஒரு சத்தமும் இல்லை. நான் என்ன பிழையாக எழுதினேன் என்று அவன் செய்திகளை மேலிருந்து கீழ் வரை திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பிழை இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும்.

எங்கள் பக்கத்துத் தமிழில் ஒரு வசதி உண்டு. நீங்கள் என்பதற்கும் நீ என்பதற்கும் நடுவில் நீர் என்று ஒரு படி இருக்கிறது. மரியாதையும் போகாது, தள்ளியும் நிற்காது. ஒரு ஆண் எவ்வளவு வேகமாக இந்தப் படிகளில் இறங்குகிறான் என்று பார்த்தாலே அவன் யாரென்று தெரிந்துவிடும். காலையில் நீங்கள், மத்தியானம் நீர், பொழுதுபட நீ. அதற்கும் கீழே ஒரு படி உண்டு. நாலு வார்த்தை பேசியவுடன் உரிமை வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, என்னடி, வாடி, போடி. றஞ்சிதா என்னை எடி என்றால் அது என்னோடு வளர்ந்த வாய். என்னை நேரில் ஒரு தடவையும் பார்க்காதவனுக்கு நான் எப்படி 'டி' ஆவேன்? அந்தப் படியில் கால் வைத்தவன் ஒருவனும் என் போனில் மிஞ்சவில்லை. மீன் வெட்டுகிற கை இது, தயங்காது. ஒரு தட்டு, ஆள் இல்லை.

இதெல்லாம் என்னைத் தொடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். தொட்டிருந்தது. யாராவது 'சாப்பிட்டீங்களோ' என்று கேட்டால், இதே கேள்வியை இந்த நேரம் இன்னும் எத்தனை பேரிடம் கேட்கிறான் என்று மனம் ஓடும். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் யாரோடு பேசுகிறான்? அணைந்தால் ஏன் அணைந்தது? மீனைப் புரட்டுகிற கையால் போனையும் புரட்டிக்கொண்டிருந்தேன். "அடியே, கருவாட்டைப் பார். போன் காயாது" என்று றஞ்சிதா கத்துவாள். நல்ல வார்த்தையை நல்ல வார்த்தையாகவே கேட்கிற காது ஒன்று எனக்கு இருந்தது. அந்தச் செயலி அதைத் தின்றுவிட்டது.

கோகுலன் வந்தது அப்படியொரு காலத்தில்.

அவர் படத்தில் கறுப்புக் கண்ணாடி இல்லை, யாருடையதோ காரில் சாய்ந்த நிற்பும் இல்லை. வயல் வரம்பில் ஒரு உழவு மெசின், பக்கத்தில் சேற்றில் கால் புதைய, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மனிதர். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற ஊர்களில் ஒன்று. அப்பா இல்லை, அம்மாவோடு சேர்ந்து வயல் செய்கிறார், ஒரு தங்கை வவுனியாவில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் முதலில் கேட்டது பின்னால் காய்வது என்ன என்று இல்லை.

"அந்த"

"மீன்"

"எவ்வளவு உப்புக் குடிக்கும்?"

மூன்று செய்திகள். ஒற்றை விரலால் எழுதுகிற மனிதர். ஒரு வசனத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டாக அனுப்புவார். அவர் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நான் இரண்டு மீன் வெட்டி முடிப்பேன். ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். பதில் வழமைபோல ஆடி அசைந்து வந்தது. முழுவதையும் எழுதினால் வெட்கம் வந்து அனுப்பாமல் அழித்துவிடுவாராம். துண்டாக அனுப்பினால் பிறகு முடிக்காமல் இருக்க ஏலாதாம். அன்றைக்கு நான் நெடுநேரம் தனியாகச் சிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அவரைப் பிடித்தது என்றும் நினைக்கிறேன்.

துணை தேடும் செயலியை விட்டு, எல்லோரும் எழுதுகிற சாதாரண மெசேச் செயலிக்கு மாறி ஏழெட்டு மாதம் பேசினோம்; பச்சைப் புள்ளி அங்கேயும் உண்டு. நீங்கள் என்ற படியில் ஏறி நின்றவர் இறங்கவே இல்லை. இரண்டு தடவை மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில் சந்தித்தோம். அது சரிவரவில்லை. நான் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்து, சென்ற் அடித்து, சாரி உடுத்திக்கொண்டு போனேன். அவர் மடிப்புக் கலையாத சேட்டோடு வந்தார். இரண்டு படங்கள் எதிரெதிரே இருந்து றோல்ஸ் தின்றதுபோல இருந்தது. போனில் அவ்வளவு பேசிய நாங்கள் அங்கே வெயிலைப் பற்றிப் பேசினோம்.

அதனால்தான் அவர் கலியாணப் பேச்சை எடுத்தபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். போனை எடுத்துக் குரலிலேயே சொன்னேன்.

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு என்ர வாடிக்கு வாங்கோ. மீன் வெட்டுற நேரம் வாங்கோ. அந்த மணத்துக்குள்ள இருந்து அம்மா ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிச்சால் மிச்சம் கதைப்பம். ஆனால் சொல்லிப்போட்டு வரக்கூடாது."

"ஏன் சொல்லக்கூடாது?"

"சொன்னால் நான் கழுவித் துடைச்சுப் பவுடர் போட்டுக்கொண்டு நிப்பன். பிறகு அதுவும் படம்தான்."

"ஓம்" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "வாறன்" என்றார். வாயால் பேசினாலும் இந்த ஆளுக்குத் துண்டுதான்.

அவர் அம்மா இராசம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற ஆள் என்று தெரியும். நாங்கள் வேதக்காரர், வாடியின் மூலையில் மாதா படம், வெளியே கருவாட்டு மணம். அவ வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினால் எனக்கு எல்லாம் முடிந்தது. முப்பத்து நான்கு வயதில், வாடியை விடாமல், ஒருத்தருக்கும் தலை குனியாமல் கட்டக்கூடிய ஒரே ஒரு மனிதரைக் கண்டிருந்தேன். அவரை இழக்க எனக்கு விருப்பம் இல்லை. அதை அவரிடம் சொல்லவும் விருப்பம் இல்லை.

நாட்கள் போயின, ஆள் வரவில்லை. என் மூளை பழைய வேலையைத் தொடங்கியது. வயலில் வேலையாம். உண்மையாகவா? ஒரு புதன்கிழமை அவர் 'காலை வணக்கம்' போட்டபோது வேண்டுமென்றே பதில் போடாமல் விட்டேன். ஏன் பதில் இல்லை என்று கேட்கிறாரா பார்ப்போம் என்று. கேட்கவில்லை. ஆனால் பச்சைப் புள்ளி எரிந்தது. அணைந்தது, மறுபடி எரிந்தது. பின்னேரம் முழுக்க யாரோடோ எழுதிக்கொண்டிருந்தார், என்னோடு இல்லை. அன்றைக்குக் கருவாட்டைப் புரட்டியது முழுக்க றஞ்சிதாதான்.

மறுநாள் வியாழக்கிழமை. நான் மன்னார் பசாரில் றஊப் நானாவின் கடையில் நின்றேன். எங்கள் கருவாட்டைக் கொழும்புக்கு ஏற்றுகிறவர் அவர்தான். அடுத்த லொறிக்கு எத்தனை பெட்டி போடலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். போன் கையில் அதிர்ந்தது. பார்த்தேன். கோகுலனின் பெயர். அதற்குக் கீழே ஒரே ஒரு சொல்.

"வாடி"

உங்களுக்கு இந்த இடத்தில் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. நாள்தோறும் நான் எத்தனையோ தடவை சொல்கிற சொல். வாடிக்குப் போறன், வாடியில நிக்கிறன், வாடியைப் பூட்டு. எனக்குச் சோறு போடுகிற சொல். ஆனால் போன் திரையில் ஒரு ஆணின் பெயருக்குக் கீழே வந்தவுடன் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. இவனும் அந்தப் படியில் இறங்கிவிட்டான். ஏழெட்டு மாதம் பொறுமையாக இருந்தது இதற்குத்தானா? நேற்று யாரோடு எழுதிப் பழகிய கை இது?

ஒரு தட்டு. ஆள் இல்லை.

"என்ன தங்கச்சி, முகம் மிளகாய் மாதிரி இருக்கு?" என்றார் றஊப் நானா.

"ஒண்டுமில்லை நானா. ஒரு மீன் பழுதாப்போச்சு. தூக்கி எறிஞ்சிட்டன்."

போனை நிறுத்திப் பைக்குள் போட்டேன். நானா பிளேன் ரீ எடுப்பித்தார், குடித்தேன். வேண்டிய உப்பையும் வாங்கினேன், வேண்டாத ஒரு வாளியையும் வாங்கினேன். வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. எல்லா வேலையும் முடிந்து ஸ்கூட்டியைத் தாழ்வுபாட்டு வீதியில் திருப்பும்போது அழுதேன். காற்றுக்குக் கண் கலங்கியது என்று சொல்ல மாட்டேன், அழுதேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

வாடிப் படலை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சில்லில் காய்ந்த சேறு. கடற்கரைச் சேறு இல்லை, வயல் சேறு. பக்கத்தில் ஒரு கழுதை, மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த உரப்பையை முகர்ந்துகொண்டிருந்தது.

உள்ளே போனேன். கொட்டகை நிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கோகுலன், முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி. வெளியே பரணடியில் சாரித் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு கரைந்த திருநீறோடு, ஒரு அம்மா என் கட்டாக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தா. றஞ்சிதா பக்கத்தில் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வந்திட்டாள் மகாராணி" என்றாள் றஞ்சிதா. "எடியே, போனை ஏன்டி நிப்பாட்டி வைச்சிருக்கிறாய்? கை நோக அடிச்சன். இவை வந்து எவ்வளவு நேரம் தெரியுமோ?"

கோகுலன் எழுந்தார். "மெசேச் போட்டனான்" என்றார். "சிக்னல் இல்லைப்போல." போனை என்னிடம் நீட்டினார்.

பார்த்தேன். நான் பார்த்த துண்டு முதலில் இருந்தது. அதற்குக் கீழே நான் பார்க்காத துண்டுகள், ஒவ்வொன்றிலும் போய்ச் சேரவில்லை என்று காட்டுகிற ஒற்றைச் சரிக்குறி மட்டும்.

"வாடி"

"படலையடியில"

"நிக்கிறம்"

"அம்மாவும்"

"வந்திருக்கிறா"

சிக்னல்தான் என்று சொல்லியிருக்கலாம். தாழ்வுபாட்டில் சிக்னல் மேல் எந்தப் பழியையும் போடலாம், எல்லோரும் நம்புவார்கள். ஆனால் படத்தில் மீனை மறைக்காதவள் இதை ஏன் மறைக்க வேண்டும்?

"சிக்னல் இல்லை. நான் உங்களைப் புளொக் பண்ணினனான்."

"ஏன்?"

"வாடி எண்டு எழுதியிருந்தீங்கள்."

அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. வாடியைச் சுற்றிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். றஞ்சிதாவுக்கு முதலில் விளங்கிவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு உப்புத் தொட்டிப் பக்கம் ஓடினாள். பிறகு அவருக்கும் விளங்கியது. அவர் சிரிக்கவில்லை.

"நான் உங்களுக்கு ஒரு நாளாவது நீர் எண்டு எழுதியிருக்கிறனோ?"

"இல்லை."

"பிறகு எப்பிடி நான் அப்பிடிக் கூப்பிட்டன் எண்டு நம்பினீங்கள்? என்னையும் அவங்களில ஒருத்தனா வைச்சிட்டீங்கள்." குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

"கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"அதுக்குத்தானே கேக்கிறது."

அவர் வெளியே பார்த்து, "அம்மா, வாங்கோ, வெளிக்கிடுவம்" என்றார்.

இராசம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் இருந்த மீனைப் புரட்டி வைத்தா. "நான் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை" என்றா.

"அம்மா!"

"அந்தப் பிள்ளை தந்தது, வீட்டுக்காரி வராமல் நான் எப்பிடிக் குடிக்கிறது எண்டு வேண்டாம் எண்டிட்டன். இப்ப வீட்டுக்காரி வந்திட்டா. குடிக்காமல் நான் ஏன் போகவேணும்?" கையை உதறிக்கொண்டு நிழலுக்கு வந்தா. நாங்கள் பேசியது முழுவதும் அவவுக்குக் கேட்டிருந்தது. மகனைப் பார்த்துச் சொன்னா. "உன்ர கொப்பர் என்னை ஊருக்கு முன்னால வாடி எண்டுதான் கூப்பிட்டவர். சாகுமட்டும். எனக்கு அது பிடிக்கேல்லை எண்டு அவருக்குத் தெரியாது. சொல்லவும் வழியில்லை, புளொக் பண்ணவும் எனக்கொண்டும் இருக்கேல்லை. இந்தப் பிள்ளை அந்தச் சொல்லைப் பொறுக்கேல்லை எண்டு நீ கோவிக்கிறியோ?"

"அது இல்லை அம்மா. நான் சொல்லாததை..."

"அது வேற கதை. அதை நீங்கள் ரண்டு பேரும் கதையுங்கோ." கதிரையில் இருந்துகொண்டா. மகன் தனியே படலைப் பக்கம் நடந்தார்.

அந்த அம்மாவின் மேல் எனக்கு வந்த மதிப்பை எப்படிச் சொல்வது? இந்த மணத்துக்குள் வந்து, அழைக்காமலே வேலையில் கை வைத்து, பெற்ற மகனுக்கு எதிராக எனக்கு நியாயம் சொன்ன ஒரு பெண். ஆனால் அவ சொன்னது எனக்குப் போதவில்லை. என் சார்பில் இன்னொருவர் பேசி ஒரு மனிதரைப் பிடித்துவைப்பதா? அது என் பழக்கம் இல்லை.

படலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தவரை வழிமறித்து நின்றேன்.

"கோகுலன், நில்லுங்கோ. கேட்டிருக்கலாம் எண்டு சொன்னீங்கள். இப்ப கேக்கிறன். நேற்றுப் பின்னேரம் முழுக்கப் பச்சை வெளிச்சம் எரிஞ்சுது. ஆரோட எழுதினனீங்கள்?"

மீன் வெட்டிக்கொண்டிருந்த மற்ற மூன்று பெண்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர் என்னையே பார்த்தார். முகத்தில் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"யதுர்சிகாவோட."

"ஆர் யதுர்சிகா?"

"தங்கச்சி. வவுனியாவில இருக்கிறவள். வேதக்காரர் வீட்டுக்குப் போகேக்க என்ன கொண்டு போறது எண்டு கேட்டனான். பழமோ, கேக்கோ எண்டு. எனக்கு எழுதவும் நேரம் எடுக்குமெல்லே. கடைசியா அரிசி கொண்டுபோ எண்டாள். இந்தப் போக அரிசி. படலையில, சைக்கிளில கட்டியிருக்கு."

"அரிசியைக் கழுதை தின்னுது" என்று றஞ்சிதா தொட்டிப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

ஒருத்தரும் கழுதையைக் கலைக்கப் போகவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, சிரிப்பையே வெளியே விட்டேன். இரண்டு நாளாக என் மனம் யார் யாரோ பெண்களை அந்தப் பச்சைப் புள்ளிக்குப் பின்னால் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தது. அங்கே இருந்தது ஒரு தங்கையும் ஒரு பை அரிசியும்.

"இப்ப நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றார் அவர்.

"கேளுங்கோ."

"நேற்று ஏன் பதில் போடேல்லை?"

"சோதிச்சனான். ஏனெண்டு கேக்கிறீங்களோ எண்டு பார்க்க."

"பாஸோ, பெயிலோ?"

"பெயில்."

அப்போதுதான் அவர் சிரித்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிற அதே சுருக்கம். "வேலையாக்கும், குழப்பக்கூடாது எண்டு நினைச்சன்" என்றார். அதை ஒரே வசனமாகச் சொன்னார், துண்டு இல்லாமல். நான் கவனித்தேன்.

தேத்தண்ணி நானே போட்டேன். கையைக் கழுவினேன், அது எந்த வாடியிலும் செய்கிற வேலை. பவுடர் போடவில்லை. கட்டாத் தலை தொட்டியில் மிதந்தது, ஈ மொய்த்தது, பக்கத்து வாடியிலிருந்து திருக்கை மணம் வேறு அடித்தது. இராசம்மா மூக்கைச் சுருக்கவில்லை. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தா. கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினா.

"நாளைக்கு வெள்ளி, எங்களுக்கு மரக்கறி. அதுதான் இண்டைக்கே கூட்டிக்கொண்டு போ எண்டு இவனை நிண்டு பிடிச்சனான்" என்றா. "கருவாட்டு வாடிக்கு வந்திட்டுக் கருவாடு தின்னாமல் போறதோ? பொரிச்சுத் தாரும் பிள்ளை."

தாரும். நீர் என்ற அந்த நடுப்படி. மரியாதையும் போகாமல், தள்ளியும் நிற்காமல். என் வாழ்க்கையில் ஒருவர் வாயில் அது அவ்வளவு அழகாக இருந்து நான் கேட்டதில்லை.

"இருங்கோ மாமி" என்றேன். மாமி என்று நான் யோசித்துச் சொல்லவில்லை, வந்துவிட்டது. றஞ்சிதா கழுதையைக் கலைத்து, மிச்ச அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் சோறு வைத்தோம்.

அவர்கள் வெளிக்கிடும்போது நான் போனை எடுத்து இயக்கினேன். தடையை நீக்க விரலை வைத்தேன். கோகுலன் கையை நீட்டித் திரையை மறைத்தார்.

"விடுங்கோ. எடுக்காதேங்கோ."

"ஏன்? இன்னும் கோவமோ?"

"கோவமில்லை. என்ர வசனம் துண்டு துண்டாத்தான் வரும். ஒரு துண்டைக் கண்டுபோட்டு நீங்கள் மிச்சத்தை நினைச்சுக்கொள்ளுவீங்கள். நேர வந்து சொல்லுறன்."

"கட்டுக்கரையில இருந்து, ஒவ்வொரு தரமுமோ?"

"பாலம் தாண்டினால் மன்னார்தானே."

அப்படியே வந்தார். வயல் வேலை முடிந்து, பாலம் தாண்டி, உடம்பில் சேறு காய்ந்தபடி வருவார். நான் உப்புக் கையோடு நிற்பேன். பேசுவதற்கு ஒன்றும் இல்லாத நாட்களில் மீன் புரட்டினோம். சண்டை பிடித்த நாட்களும் உண்டு, முகத்துக்கு முகம். அதில் ஒரு சுகம் இருக்கிறது. கண்ணைப் பார்த்துக் கோபிக்கிற மனிதன் பச்சைப் புள்ளி மாதிரி அணைந்து போக மாட்டான். இரண்டு கோயிலிலும் பேசி, இரண்டு பக்கத்துச் சனத்தையும் சமாளித்து, கலியாணம் முடிந்து இப்போது ஒரு போகம் கடந்துவிட்டது. நான் வாடியை விடவில்லை. அவர் வயலை விடவில்லை. யாராவது ஒருவர் எதையாவது விட வேண்டும் என்று சொன்ன சனம், இப்போது எங்கள் வீட்டில் சோறும் கருவாடும் தின்றுவிட்டுப் போகிறது.

தடையை நான் இன்னும் நீக்கவில்லை. என் போனில் அடைத்து வைத்திருக்கிற ஆண்களின் வரிசையில், ரோசாப்பூத் தோட்டக்காரனுக்கும் இன்னும் சிலருக்கும் நடுவில், என் புருசனின் பெயரும் இருக்கிறது. கேட்கிற பெண்களுக்கு நானே காட்டுவேன்.

பின்னேரத்தில் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். அவர் இறங்க மாட்டார். ஊருக்கே கேட்கக் கத்துவார்.

"எடித்! நான் வாடிப் படலையடியில நிக்கிறன்!"

ஒரு துண்டும் குறையாத முழு வசனம். பெண்கள் சிரிப்பார்கள். நான் கையைக் கழுவாமலே போவேன்.